கண்டெய்னர் சரி, ஆள் எங்கே? ‘விக்ரம்’ படமும் அபினி வரலாறும்

ராத்திரி ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஒரகடம் ரோட்ல நின்னிருக்கீங்களா? கண்டெய்னர் லாரி வரிசையா போகும். உள்ளே கார் பார்ட்ஸா, டயரா, செல்போனா? வெளியில இருந்து தெரியாது. டிரைவர்கிட்ட இருக்கிற பேப்பர் சொல்றதுதான் கணக்கு.

2022-ல வந்த லோகேஷ் கனகராஜோட ‘விக்ரம்’ படத்தின் பெரிய பலமே இதைப் புரிஞ்சுக்கிட்டதுதான். மொத்தக் கதையும் காணாமப் போன ரெண்டு கண்டெய்னரைச் சுத்தித்தான் நகருது. அதுல இருக்கிறது போதை மருந்துகூட இல்லை, அதுக்கான மூலப்பொருள். போதைத் தொழிலுக்கும் ஒரு சப்ளை செயின் இருக்குன்னு தமிழ் சினிமா இவ்வளவு தெளிவா சொன்னது அபூர்வம்.

நிஜத்துலயும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில டெல்லியில 50 கிலோ சூடோஎபெட்ரின் சிக்குச்சு. மெத் தயாரிக்கிற மூலப்பொருள் அது. சத்துமாவு, தேங்காய்த் துருவல்னு சொல்லி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு அனுப்பினாங்கன்னு போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சொன்னது. பீரங்கி இல்லை, பின்னணி இசை இல்லை. வெறும் பார்சல்.

படம் சறுக்குற இடமும் இங்கதான். சரக்கை மடக்கிட்டா ஜெயிச்சாச்சுன்னு அது நம்புது. வரலாறு வேற மாதிரி சொல்லுது.

கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் பக்கத்து விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து அபினி விளைவிச்சது. பாட்னாவுலயும் காஜிப்பூர்லயும் ஃபேக்டரி வச்சுப் பதப்படுத்தி, கல்கத்தாவுல ஏலம் விட்டது. அங்கிருந்து தனியார் வியாபாரிகள் சீனாவுக்குக் கடத்தினாங்க. கம்பெனியோட கை சுத்தம். கணக்குப் புத்தகமும் சுத்தம். 1839-ல சீன அதிகாரி லின் ட்சேஷு 20,000 பெட்டிக்கு மேல பறிமுதல் பண்ணி அழிச்சார். எந்தப் படத்தோட கிளைமாக்ஸும் கிட்ட வர முடியாது. ஆனா என்ன ஆச்சு? பிரிட்டன் போர் தொடுத்து ஜெயிச்சது. 1858-ல சீனாவுல அபினி இறக்குமதி சட்டப்படியே ஆகிடுச்சு. சரக்கு அழிஞ்சது, வாங்குற கையும் விக்கிற லாபமும் அப்படியே இருந்துச்சு.

‘விக்ரம்’ படத்துல அந்த வாங்குற கை கிடையாது. சந்தனம் ஒரு கேப்ஸ்யூலைக் கடிச்சா பலம் பொங்குது. அதாவது, போதைன்னா பவர். அடிமையாகி வேலையை இழந்தவன், பணம் அனுப்பாம விட்டதால ஊருக்குப் போக முடியாதவன் யாருமே ஃபிரேம்ல இல்லை. இதே விஷயத்துல கே.வி.ஆனந்தோட ‘அயன்’ (2009) ஒரு படி மேல. போதைப் பொட்டலத்தை வயித்துல சுமந்து போற சிட்டியோட சாவு, இந்தத் தொழில்ல யாரோட உடம்பு செலவாகுதுன்னு காட்டுச்சு.

இது வெறும் சினிமா விமர்சனம் இல்லை. இந்தப் பக்கம் நான் ரூம் எடுத்துத் தங்கியிருந்தப்போ, கூட இருந்த பையன் ஒருத்தன் கஞ்சாவுக்குள்ள போயிட்டான். நாங்க அவனை ஒரு கேரக்டராத்தான் பார்த்தோம். முதல்ல காமெடியன், அப்புறம் வில்லன். ஹவுஸ் ஓனருக்குத் தெரிஞ்சா போலீஸ் வரும்னு பயந்து ரூமைக் காலி பண்ணச் சொன்னோம். அவன் நோயாளின்னு யாருக்கும் தோணலை.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல 64ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பயன்படுத்தின குத்தத்துக்கோ, சிறிய அளவு வச்சிருந்ததுக்கோ சிக்கின அடிமை, தானா முன்வந்து அரசு அங்கீகரிச்ச இடத்துல சிகிச்சையை முழுசா முடிச்சா, அந்த வழக்குல இருந்து பாதுகாப்பு உண்டு. இலவச உதவி எண் 14446. அன்னைக்கு எங்க ரூம்ல ரோலக்ஸ் டயலாக் எல்லாருக்கும் மனப்பாடம். இந்த நம்பர் ஒருத்தருக்கும் தெரியாது.