அல்யோனா சாவ்சென்கோ

அல்யோனா சாவ்சென்கோ (பிறப்பு: 19 ஜனவரி 1984) ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் முதலில் உக்ரைனுக்காகவும் பின்னர் ஜெர்மனிக்காகவும் போட்டியிட்ட வீராங்கனை. ஆறு முறை உலகச் சாம்பியன். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அப்போது வயது 34.

ஜோடி ஸ்கேட்டிங்கை ஐஸ் டான்ஸோடு பலர் குழப்பிக்கொள்வார்கள். ஐஸ் டான்ஸில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கவோ காற்றில் எறியவோ இடமில்லை. ஜோடிப் பிரிவின் உயிரே அதில்தான் இருக்கிறது. வேகமாகச் சறுக்கிக்கொண்டே ஆண் எறிய, பெண் காற்றில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில், கத்தி போன்ற இரும்பு விளிம்பின் மேல் பின்னோக்கி இறங்க வேண்டும். ‘த்ரோ’ என்பது இதுதான். ‘ட்விஸ்ட்’டில் பெண் மேலே சுழன்று வரும்போது துணைவர் இடுப்பைப் பிடித்துத் தாங்குவார். பிடி ஒரு கணம் தவறினாலும் அடி பலமாக விழும். ஆகவே ஒரு துணைவரை இழப்பது என்பது இந்த விளையாட்டில் பாதி உடலை இழப்பது மாதிரி. புதியவரின் கை நீளம், வேகம், தயங்கும் கணம் எல்லாவற்றையும் உடம்பு மறுபடியும் முதலிலிருந்து பழக வேண்டும். சாவ்சென்கோ உச்சத்தில் இருந்தபடியே இதைச் செய்தவர். அவருடைய வாழ்க்கையைத் தனித்துப் பேச வைப்பது பதக்க எண்ணிக்கையைவிட இதுதான்.

கீவ் நகருக்குத் தெற்கே உள்ள ஒபுஹிவ் என்ற சிறு நகரத்தில் பிறந்தார். மூன்று வயதில், உறைந்து கிடந்த ஏரியில் முதல் முறையாக ஸ்கேட் கட்டினார். முறையான பயிற்சிக்குக் கீவ் போக வேண்டியிருந்ததால், இருட்டு விலகும் முன்பே எழுந்து பேருந்து பிடிக்கும் சிறுமியாகத்தான் வளர்ந்தார். ஸ்தனிஸ்லாவ் மொரோசோவுடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டு உலக ஜூனியர் பட்டத்தை வென்றார். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் இந்த ஜோடிக்கு 15ஆம் இடம். அதன் பிறகு மொரோசோவ் விலகினார்.

துணைவர் இல்லாமல் நின்ற சாவ்சென்கோ, 2003இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குப் போனார். அங்கே ராபின் சோல்கோவியுடன் ஜோடி சேர்ந்தார். சோல்கோவியின் தாய் ஜெர்மானியர், தந்தை தான்சானியர். பயிற்சியாளர் இங்கோ ஸ்டாயர், 1997இல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். வேறு நாட்டவருடன் ஜோடி சேர்ந்து உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடலாம். ஒலிம்பிக்கில் அது நடக்காது, இருவரும் ஒரே நாட்டின் குடிமக்களாக இருக்க வேண்டும். சாவ்சென்கோவுக்கு ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது 2005 டிசம்பரில், டுரின் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருந்தபோது. அதே நேரத்தில், ஸ்டாயர் இளமையில் கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல் அமைப்பான ஸ்டாஸிக்குத் தகவல் தந்தவர் என்பது வெளிவந்தது. அவரை ஒலிம்பிக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கி வந்தார். இந்தப் புயலுக்கு நடுவே டுரினில் ஜோடி ஆறாம் இடம் பிடித்தது சாதாரணக் காரியமல்ல. பின்னாலும் ஸ்டாயர் பெயரைச் சுற்றிய சர்ச்சை ஓயவில்லை. ஆனால் ஜோடி அவரை விட்டுப் போகவில்லை.

2007இல் வார்சாவில் ஐரோப்பியப் பட்டம் வந்தது. அதற்குப் பிறகு வெற்றிகள் வரிசை கட்டின: 2008 கோதன்பர்க், 2009 லாஸ் ஏஞ்சலஸ், 2011 மாஸ்கோ, 2012 நீஸ், 2014 சைதாமா என ஐந்து உலகப் பட்டங்கள், வார்சாவையும் சேர்த்து நான்கு ஐரோப்பியப் பட்டங்கள். நீஸில் இரண்டாம் இடம் பெற்ற ரஷ்ய ஜோடிக்கும் இவர்களுக்கும் இருந்த இடைவெளி 0.11 புள்ளி. ஒரு ஆண்டு ‘பிங்க் பேந்தர்’ இசைக்குக் குறும்பாக ஆடியவர்கள், அடுத்த ஆண்டே நடனக் கலைஞர் பினா பாஷ் பற்றிய திரைப்படத்தின் இசைக்கு ஆடினார்கள். பட்டம் கிடைத்த பாணியிலேயே தங்கிவிடாத இந்தத் துணிச்சல் பாராட்டுக்குரியது.

ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு வரவில்லை. 2010 வான்கூவரில் இரண்டு சீன ஜோடிகளுக்குப் பின்னால் வெண்கலம். 2014 சோச்சியில் இரண்டு ரஷ்ய ஜோடிகளுக்குப் பின்னால் மறுபடியும் வெண்கலம். சோச்சியில் ‘நட்கிராக்கர்’ இசை முடியும் நேரத்தில் சாவ்சென்கோ மூன்றரைச் சுழற்சி கொண்ட த்ரோ ட்ரிபிள் ஆக்ஸலுக்குப் போய் விழுந்தார். எளிதான த்ரோ ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தது கடினமானதை. அங்கே தங்கம் வென்ற வொலொசோஷார், த்ரான்கோவ் ஜோடியின் பயிற்சிக் குழுவில் அவருடைய பழைய துணைவர் மொரோசோவும் இருந்தார்.

அந்தப் பருவம் முடிந்ததும் சோல்கோவி ஓய்வு பெற்றார். சாவ்சென்கோவுக்கு அப்போது 30 வயது. பெரும்பாலானோர் ஸ்கேட்டை ஆணியில் மாட்டிவிடும் வயது அது. அவரோ, தன்னைவிட ஐந்து வயது இளையவரும் பெரிய பட்டம் எதுவும் பெறாதவருமான பிரெஞ்சு வீரர் புரூனோ மாசோவைச் சேர்த்துக்கொண்டார். அலெக்சாண்டர் கோனிக்கிடம் பயிற்சி பெற ஓபர்ஸ்டோர்ஃப் போனார். சாவ்சென்கோ ஜூனியர் உலகப் பட்டம் வென்ற ஊர் அதுவே. மாசோவை விடுவிக்கப் பிரெஞ்சுச் சம்மேளனம் உடனே சம்மதிக்கவில்லை. 2014-15 பருவம் முழுக்கப் போட்டி இல்லாமல் கழிந்தது. 2015 இலையுதிர் காலத்தில்தான் அனுமதி வந்தது. அடுத்து குடியுரிமைக்கான ஜெர்மன் மொழித் தேர்வு. மாசோ அதில் தோற்று, மறுபடி எழுதித் தேறியது 2017 பிற்பகுதியில், ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களே இருந்தபோது. ஒரு த்ரோவில் தவறி இறங்கி சாவ்சென்கோவின் கணுக்காலில் தசைநார் கிழிந்ததும் இந்த ஆண்டுகளில்தான். இவ்வளவுக்கும் நடுவே 2016 உலகப் போட்டியில் வெண்கலம், 2017இல் வெள்ளி.

பியோங்சாங் ஒலிம்பிக்கின் ஸ்கேட்டிங் அரங்கம் காங்நுங் நகரில் இருந்தது. முதல் சுற்றான குறும்போட்டியில் மூன்று சுழற்சி எடுக்க வேண்டிய சால்கோ என்ற தாவலில் மாசோ இரண்டே எடுத்தார். 76.59 புள்ளி, நான்காம் இடம். முன்னணியில் இருந்த சீனாவின் சுய் வென்ஜிங், ஹான் சொங் ஜோடியைவிட 5.80 புள்ளி குறைவு. இந்த விளையாட்டில் அது எளிதில் அடைக்கக்கூடிய பள்ளமல்ல. மறுநாள், 2018 பிப்ரவரி 15, இரண்டாவது சுற்றான ஃப்ரீ ஸ்கேட். பழைய ஐஸ் டான்ஸ் மேதை கிறிஸ்டோபர் டீன் அமைத்த நடனம், அர்மாண்ட் அமாரின் இசை. ட்விஸ்டில் சாவ்சென்கோ மேலே சுழன்று கைகளை விரித்த பிறகுதான் மாசோவின் கை அவரைத் தொட்டது. த்ரோக்களில் தடுமாற்றம் சிறிதும் இல்லை. இசை நின்றதும் இருவரும் பனித்தளத்திலேயே சரிந்தார்கள். 159.31, அப்போதைய உலகச் சாதனை. ஆனாலும் பதக்கம் உறுதியாகவில்லை. முன்னணி ஜோடிகள் ஆடி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சீன ஜோடி சிறு பிழைகளோடு முடித்தது. இறுதிக் கணக்கு: சாவ்சென்கோ, மாசோவுக்கு 235.90, சீன ஜோடிக்கு 235.47. வித்தியாசம் 0.43. ஜோடிப் பிரிவில் ஜெர்மானியர் ஒலிம்பிக் தங்கம் வென்றது 1952 ஆஸ்லோவில் ரியா, பால் ஃபால்க் தம்பதிக்குப் பிறகு இதுவே முதல் முறை.

அடுத்த மாதம் மிலானில் நடந்த உலகப் போட்டியிலும் தங்கம்: ஃப்ரீ ஸ்கேட்டில் 162.86, மொத்தம் 245.84. அதன் பின் இந்த ஜோடி போட்டியில் இறங்கவில்லை. 2019இல் சாவ்சென்கோ ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். 2018-19 பருவம் முதல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மதிப்பெண் முறையை மாற்றி, அதுவரையிலான சாதனைகளைத் தனி ஏட்டில் மூடி வைத்தது. அந்த ஏட்டில் ஜோடிகளுக்கான ஃப்ரீ ஸ்கேட், மொத்தப் புள்ளி ஆகிய இரண்டின் எதிரிலும் இருப்பவை சாவ்சென்கோ, மாசோவின் பெயர்கள்.