நீதிமன்றத்தை நோக்கிய நாற்பதாண்டுப் பயணம்: பெடரலிஸ்ட் சொசைட்டியின் கதை

கருக்கலைப்பு பெண்களின் அரசியலமைப்பு உரிமை என்று 1973ஆம் ஆண்டில் தானே வழங்கியிருந்த தீர்ப்பை ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 2022 ஜூன் 24ஆம் திகதி இல்லாமற் செய்தது. முந்திய தீர்ப்பை ரத்துச் செய்வதற்கு வாக்களித்த நீதியரசர்கள் ஐவர். அந்த ஐவரும் ஏதோவொரு வகையில் ஒரே சங்கத்துடன் உறவு கொண்டவர்கள். அந்தச் சங்கம் தேர்தல் எதிலும் வேட்பாளரை நிறுத்தியதில்லை. சட்டமூலம் எதையும் ஆதரித்தோ எதிர்த்தோ தீர்மானம் நிறைவேற்றியதுமில்லை. கூட்டம் நடத்துவதும் விவாதிப்பதுமே தனது பணி என்று அது இன்றும் கூறுகின்றது. வரி விலக்குப் பெற்ற, இலாப நோக்கற்ற அந்த அமைப்பின் பெயர் பெடரலிஸ்ட் சொசைட்டி.

பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்திகளைப் பல ஆண்டுகள் தொகுத்தவன் என்ற வகையில், அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றி நாம் எழுதிய அளவில் நூற்றிலொரு பங்குகூட அந்நாட்டு நீதித்துறையைப் பற்றி எழுதவில்லை என்பதை நானறிவேன். ஜனாதிபதி நான்கு அல்லது எட்டு ஆண்டுகளில் போய்விடுகின்றார். அவர் நியமிக்கும் நீதியரசரோ ஆயுட்காலம் முழுவதும் ஆசனத்தில் இருக்கலாம். நமது நாட்டில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் 65 வயதில் ஓய்வு பெறுகின்றனர். அமெரிக்காவில் அத்தகைய எல்லை கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டால் இச்சங்கத்தின் கதை எளிதில் விளங்கும்.

ஏமாற்றத்தில் பிறந்த யோசனை

குடியரசுக் கட்சியினருக்கு நீதித்துறை நீண்ட காலமாகவே ஏமாற்றமளித்து வந்தது. பாடசாலைகளில் இன ஒதுக்கலுக்கு 1954இல் முடிவுகட்டிய பிரதம நீதியரசர் ஏர்ல் வாரன், குடியரசுக் கட்சி ஜனாதிபதியான ஐசனோவரால் நியமிக்கப்பட்டவர். அந்தப் போக்கை மாற்றப் போவதாகக் கூறி ஆட்சிக்கு வந்த றிச்சர்ட் நிக்சன் நான்கு நீதியரசர்களை நியமித்தார். 1973இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கருக்கலைப்பு உரிமை வழங்கப்பட்டபோது, அந்த நால்வரில் மூவர் பெரும்பான்மையோடு நின்றனர். ஆட்சியைப் பிடித்தால் நீதிமன்றமும் தானாக மாறிவிடும் என்ற கணக்கு பிழைத்துவிட்டது.

அந்த மூவரில் ஒருவரான லூயிஸ் பவல், நியமனம் பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1971 ஓகஸ்டில், அமெரிக்க வர்த்தக சம்மேளனத்திற்கு ஓர் இரகசிய அறிக்கை எழுதியிருந்தார். பல்கலைக்கழகங்களிலும் ஊடகங்களிலும் நீதிமன்றங்களிலும் வர்த்தக சமூகம் தனது பலத்தைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். சமூக, பொருளாதார மாற்றத்திற்கான கருவிகளில் நீதித்துறையே மிகவும் முக்கியமானதாக இருக்கக்கூடும் என்று அவர் அதிலே சுட்டிக்காட்டினார். பவல் காட்டிய வழியில் நடந்தவர்கள் பின்னாளில் எதிர்த்த தீர்ப்பிலே பவலின் கையொப்பமும் இருந்தது என்பது வரலாற்றின் விநோதம்.

1982 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழக சட்டபீடத்தில் மாணவர்கள் ஒரு கருத்தரங்கை ஒழுங்குசெய்தனர். யேலில் ஸ்டீவன் கலப்ரேசி, சிக்காகோவில் டேவிட் மெக்கின்டோஷ், லீ லிபர்மன் ஆகியோர் இதன் பின்னணியில் இருந்தனர். யேலில் றொபேட் போர்க், சிக்காகோவில் அன்ரனின் ஸ்காலியா என்ற இரு பேராசிரியர்கள் அவர்களுக்கு வழிகாட்டினர். சட்டபீடங்கள் யாவும் தாராளவாதிகளின் கோட்டைகளாக இருக்கின்றன, மாற்றுக் கருத்துக்கு அங்கே மேடையில்லை என்பதே அம்மாணவர்களின் முறைப்பாடு. அரசியலமைப்பை அது எழுதப்பட்ட காலத்து அர்த்தத்திலேயே வாசிக்க வேண்டும், நீதிபதி சட்டத்தைச் சொல்ல வேண்டுமேயன்றி ஆக்கக்கூடாது என்பது அவர்களின் கோட்பாடு. ஜேம்ஸ் மடிசனின் நிழலுருவத்தைச் சின்னமாக வரித்துக்கொண்டனர். பலமான மத்திய அரசு வேண்டுமென்று 1787-88 காலப்பகுதியில் வாதாடிய பெடரலிஸ்டுகளின் பெயரை, மத்திய அரசின் அதிகாரம் குறைய வேண்டுமென்று விரும்பியவர்கள் சூடிக்கொண்டதைப் பலர் அன்றே கேலிசெய்தனர்.

பணம் வந்த வழி

மாணவர்களின் கைப்பணத்தில் இத்தகைய இயக்கம் வளர்ந்துவிடாது. முன்னாள் திறைசேரிச் செயலாளர் வில்லியம் சைமனும் எழுத்தாளர் ஏர்விங் கிறிஸ்டலும் 1978இல் தொடங்கிய கல்வி விவகார நிறுவனம் ஆரம்ப உதவியை வழங்கியது. அதனைத் தொடர்ந்து ஜோன் எம். ஒலின் மன்றம் கைகொடுத்தது. இரசாயனப் பொருட்களும் துப்பாக்கி ரவைகளும் உற்பத்தி செய்து செல்வம் திரட்டிய ஒலின், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். 1969இல் கறுப்பின மாணவர்கள் அங்கே ஒரு கட்டடத்தைக் கைப்பற்றி, பின்னர் துப்பாக்கிகளோடு வெளியே வந்த காட்சி அவரை உலுக்கிவிட்டது. தமது செல்வத்தைச் சிந்தனைக் களத்திலே செலவிடுமாறு அவர் பணித்தார். அந்த மன்றம் சுமார் 37 கோடி டொலரைச் செலவிட்டு, 2005இல் தானாகவே கதவை மூடிக்கொண்டது. பிறட்லி, ஸ்கைப் முதலிய மன்றங்களும் கோக் சகோதரர்களோடு தொடர்புடைய மன்றங்களும் சங்கத்தின் கொடையாளர் வரிசையில் இடம்பெற்றன.

இந்தப் பணம் செலவிடப்பட்ட முறைதான் என் கவனத்தை ஈர்க்கின்றது. ஊர்வலத்துக்கோ சுவரொட்டிக்கோ அது போகவில்லை. சட்டபீடங்களில் கிளைகள், சொற்பொழிவாளரின் பயணச் செலவு, மாணவர்களுக்கு மதிய உணவு என்று சின்னச் சின்னதாகச் செலவிடப்பட்டது. மேடைக்கு எதிர்த்தரப்புப் பேராசிரியரும் அழைக்கப்பட்டார். விவாதம் கூர்மையாக நடந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்த இருபத்திரண்டு வயது மாணவர் அங்கே தம்மையொத்தவர்களைக் கண்டுகொண்டார். படிப்பு முடிந்ததும் அந்த அறிமுகம் நீதியரசர் ஒருவரின் உதவியாளர் பதவிக்கும், அங்கிருந்து நீதித் திணைக்களத்திற்கும், ஒருநாள் நீதிபதி ஆசனத்திற்கும் இட்டுச்சென்றது. 1983 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சங்கத்தை நிர்வகித்தவர் யூஜின் மேயர். அவர் சதுரங்கத்தில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர். பத்து நகர்வுகளுக்கு அப்பால் பார்ப்பவரின் கையில் அமைப்பு இருந்தது பொருத்தமே.

றொனால்ட் றேகனின் ஆட்சி இவர்களுக்கு வாசலைத் திறந்தது. ஸ்தாபகர் மூவரும் றேகன் காலத்து அரசாங்கத்தில் பணிபுரிந்தனர். லீ லிபர்மன் பின்னர் மூத்த புஷ்ஷின் வெள்ளை மாளிகையில் நீதிபதி நியமனங்களுக்கான தெரிவில் பங்காற்றினார். 1986இல் ஸ்காலியா 98 வாக்குகளுடன், எதிர்ப்பு ஏதுமின்றி உயர் நீதிமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு போர்க்கின் நியமனத்தைச் செனற் சபை 58க்கு 42 என்ற வாக்குகளால் நிராகரித்தது. அந்தத் தோல்வி ஆறாத வடுவாகி அணியை மேலும் இறுக்கியது. 1992இல் வேறோர் அடி விழுந்தது. கருக்கலைப்பு உரிமையின் மையப்பகுதியை உயர் நீதிமன்றம் காப்பாற்றியபோது அதற்கு வழிவகுத்த ஓ'கொனர், கெனடி, சூட்டர் ஆகிய மூவருமே றேகனாலும் புஷ்ஷாலும் நியமிக்கப்பட்டவர்கள். இனியொரு சூட்டர் வேண்டாம் என்பது பழமைவாதிகளின் மந்திரமாயிற்று. கட்சி அடையாளம் போதாது. இளமையிலிருந்தே கொள்கையில் ஊறியவரா என்று பார்க்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அந்தச் சான்றிதழை வழங்கக்கூடிய இடம் சங்கமாகவே இருந்தது.

2005ஆம் ஆண்டு நிகழ்வொன்றை இங்கே சொல்ல வேண்டும். ஜோன் றொபேட்ஸ் நியமிக்கப்பட்டபோது, அவர் இச்சங்கத்தில் உறுப்பினராக இருந்ததாகத் தமக்கு ஞாபகம் இல்லையென்று கூறுவதாக வெள்ளை மாளிகை அறிவித்து, அவ்வாறு எழுதிய பத்திரிகைகளைத் திருத்தம் வெளியிடுமாறு கேட்டது. சில நாட்களில் வாஷிங்டன் போஸ்ட் 1997-98ஆம் ஆண்டுக்கான சங்கத்தின் கையேட்டைத் தேடியெடுத்து, வாஷிங்டன் கிளையின் வழிநடத்தல் குழுவில் அவரது பெயர் இருப்பதை வெளியிட்டது. ஒரு பழைய கையேடு ஓர் அரசாங்கத்தின் மறுப்பைவிடப் பெறுமதியானது என்பதை நம் தொழிலில் உள்ள இளைஞர்கள் மறந்துவிடலாகாது. இதில் இன்னொரு பொருளும் உண்டு. ஒளிப்பதற்கு அவசியமில்லாத உறுப்புரிமையை ஒளிக்க வேண்டுமென்று ஒரு வெள்ளை மாளிகை நினைத்தது. பதினோராண்டுகள் கழித்து டொனால்ட் ட்ரம்ப் அதையே வாக்குச் சேர்க்கும் விளம்பரமாக்கினார்.

சங்கமும் அதன் நிழலும்

அந்த மாற்றத்தின் நாயகர் லெனார்ட் லியோ. 1991இல் சங்கத்தில் பணியாளராகச் சேர்ந்து நிறைவேற்று உபதலைவராக உயர்ந்தவர். 2016 பெப்ரவரியில் ஸ்காலியா காலமானதும், ஜனாதிபதி ஒபாமா பிரேரித்த மெரிக் கார்லண்டை விசாரணைக்கே அழைக்காமல் செனற் பெரும்பான்மை இழுத்தடித்தது. அந்த வெற்றிடத்தை முன்வைத்து ட்ரம்ப் நீதியரசர் பட்டியலொன்றை வெளியிட்டார். அதனைத் தயாரிக்க லியோ உதவினார். கோர்சச், கவனா, பாரெட் ஆகிய மூவரும் 2017, 2018, 2020ஆம் ஆண்டுகளில் ஆசனமேறினர்.

லியோவின் உண்மையான பலம் சங்கத்துக்கு வெளியிலேயே வளர்ந்தது. சங்கம் விவாத மன்றம் என்ற தோற்றத்தைக் காத்தது. விளம்பரமும் பிரசாரமும் அவரோடு தொடர்புடைய வேறு அமைப்புகளின் வேலையாயின. இத்தகைய அமைப்புகள் 2014 முதல் 2017 வரையில் 25 கோடி டொலருக்கு மேல் திரட்டியதாக வாஷிங்டன் போஸ்ட் 2019இல் வெளியிட்டது. அமெரிக்கச் சட்டப்படி அவை கொடையாளரின் பெயரைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020இல் லியோ சங்கத்தின் முழுநேரப் பதவியிலிருந்து விலகி, பணிப்பாளர் சபையின் இணைத்தலைவராக மட்டும் நீடித்தார். அடுத்த ஆண்டில் சிக்காகோ தொழிலதிபர் பாறி சைட் தமது மின்சாதன நிறுவனத்தின் பங்குகளை லியோ தலைமை தாங்கும் மார்பிள் பிறீடம் ட்ரஸ்ட் என்ற நிதியத்திற்கு வழங்கினார். பங்குகள் விற்கப்பட்டபோது நிதியத்திற்குக் கிடைத்தது 160 கோடி டொலர். 2022 ஓகஸ்டில்தான் இது வெளியுலகுக்குத் தெரியவந்தது. சங்கத்தின் ஓராண்டு வருமானமோ சுமார் இரண்டு கோடி டொலர் அளவினதே. எண்பது மடங்கு பெரிய நிழலொன்று அதன் பின்னால் எழுந்து நின்றது.

இதைச் சதி என்று சொல்வோர் பலர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஸ்தாபகர்களின் பெயர்கள் தெரியும், கூட்டங்கள் திறந்த மண்டபத்தில் நடந்தன, கோட்பாடு நூல்களில் அச்சாகியது. எதிர்த்தரப்பினர் அமெரிக்கன் கொன்ஸ்டிடியூஷன் சொசைட்டி என்ற தமது அமைப்பை 2001இல்தான் தொடங்கினர். ஏறத்தாழ இருபதாண்டுகள் ஒரு தரப்பு விதைத்துக்கொண்டிருந்தபோது மறுதரப்பு அறுவடையிலேயே கண்ணாக இருந்தது. குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. கருத்தைப் பகிரங்கமாக விவாதிப்போர், அக்கருத்தை ஆசனத்தில் ஏற்றும் பணத்தையும் பகிரங்கப்படுத்தியிருக்க வேண்டும். நீதியரசரின் பெயர் ஊரறிய, அவருக்காக விளம்பரம் செய்தவரின் பெயர் மறைந்திருப்பது நீதிக்கு அழகல்ல. வழக்காளி தன் எதிராளியின் பணம் அந்த ஆசனத்தைத் தொட்டதா என்று கேட்கும் உரிமையை இழக்கின்றார்.

சங்கத்தின் கோட்பாட்டுக்கும் சோதனை வந்தது. 2020 தேர்தல் முடிவை மாற்ற ட்ரம்பிற்கு ஆலோசனை கூறிய சட்டத்தரணி ஜோன் ஈஸ்ட்மன் சங்கத்தின் துறைசார் குழுவொன்றின் தலைவராக இருந்தவர். பென்சில்வேனியா தொடர்பான மேன்முறையீட்டை அதே ஆண்டு நவம்பரில் நிராகரித்துத் தீர்ப்பெழுதிய ஸ்டெபனோஸ் பீபஸ், ட்ரம்பே நியமித்த நீதிபதி. தேர்தலைத் தள்ளிவைக்கலாமா என்று ட்ரம்ப் அவ்வாண்டு ஜூலையில் கேட்டபோது, பதவிநீக்கத்திற்கு அதுவே போதுமான காரணமென்று பத்திரிகையில் எழுதியவர் ஸ்தாபகர் கலப்ரேசி. ஒரே பாசறையில் பயின்றவர்கள் அரசியலமைப்பின் இரு பக்கங்களிலும் நின்றனர்.

2025 ஜனவரியில் மேயரின் இடத்திற்கு ஷெல்டன் கில்பேர்ட் வந்தார். அதே ஆண்டு மே மாத இறுதியில், ட்ரம்பின் தீர்வைகளுக்கு எதிராகச் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் தீர்ப்பளித்த மறுநாள், தமக்குத் தவறான ஆலோசனை வழங்கியதாக ஜனாதிபதி சங்கத்தைச் சாடினார். லியோவை இழிசொல்லால் வைதார். அதே காலத்தில் அவர் மேன்முறையீட்டு நீதிபதியாகப் பிரேரித்த எமில் போவ், அவரது சொந்த வழக்குகளில் வாதாடிய சட்டத்தரணி. ஜூலையில் 50க்கு 49 என்ற வாக்குகளால் அந்நியமனம் உறுதியாயிற்று.

சட்டத்தை எழுதியபடி வாசிக்கும் நீதிபதி வேண்டுமென்று கேட்டவர்கள் அத்தகையவர்களைப் பெருமளவில் உருவாக்கினார்கள். அதிகாரத்தில் இருப்பவருக்கு வேண்டியதோ, தமக்குச் சாதகமாக வாசிக்கும் நீதிபதி. பொதுவான எதிரி இருந்தவரையில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு வெளித்தெரியவில்லை. இப்போது தெரிகின்றது. நாற்பதாண்டு உழைப்பில் ஆசனமேற்றப்பட்டவர்கள் ஒவ்வொரு வழக்கிலும் இந்த வேறுபாட்டை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். அவர்கள் அன்று படித்த கோட்பாட்டுக்கு உண்மையாக இருக்கிறார்களா என்பதைத் தீர்மானிக்கப் போவது, தம்மை நியமித்தவருக்கு எதிராக அவர்கள் எழுதத் துணியும் தீர்ப்புகளே.