நீரில் மிதக்கும் கான்கிரீட்: பொறியியல் மாணவர் படகுப் போட்டியின் வரலாறு

முன்னுரை

கான்கிரீட் என்றதும் அணை, பாலம், அடுக்குமாடி ஆகிய அசையாக் கட்டுமானங்களே நினைவுக்கு வருகின்றன. எனினும், இரும்பும் சிமெண்ட்டும் இணைந்த கட்டுமானத்தின் தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று படகே ஆகும். அமெரிக்கப் பொறியியல் மாணவர்கள் கான்கிரீட்டில் துடுப்புப் படகு செய்து ஓட்டும் போட்டி வெறும் வேடிக்கையாகக் கருதப்படுவதுண்டு. அது கட்டுமானப் பொருள் குறித்த அறிவைச் சோதிக்கும் களமாக அமைந்ததை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னோடி முயற்சிகள்

பிரான்சின் தென்பகுதியிலுள்ள மிராவலில் ஜோசப் லூயி லாம்போ என்பவர் 1848இல் இரும்புக் கம்பி வலையின்மீது சிமெண்ட் கலவையைப் பூசிச் சிறு படகு ஒன்றை உருவாக்கினார். 1855இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டின் பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் படகைக் காட்சிப்படுத்தினார். ஈரத்தால் கெடும் மரத்திற்கு மாற்றுப்பொருள் காண்பதே அவரது நோக்கமாகும்.

முதல் உலகப்போரின்போது ஏற்பட்ட எஃகுத் தட்டுப்பாடு இம்முயற்சிக்கு மீண்டும் உயிரூட்டியது. அமெரிக்க அரசு 24 கான்கிரீட் கப்பல்களைக் கட்டத் திட்டமிட்டது. 12 மட்டுமே கட்டப்பட்டன. அவை பணிக்கு வருமுன் போர் ஓய்ந்தது. தட்டுப்பாடு நீங்கியதும் தேவையும் குறைந்தது.

மாணவர் போட்டியின் தோற்றம்

இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைடு கெஸ்லரின் மாணவர்கள் 1970-71 கல்வியாண்டில் கான்கிரீட் படகு ஒன்றைக் கட்டினர். 1971இல் பர்டியூ பல்கலைக்கழக மாணவர்களுடன் அவர்கள் போட்டியிட்டனர். பின்னர் இவ்வழக்கம் பிற பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1988இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இத்தகைய போட்டிகள் நிகழ்கின்றன.

மூழ்கடிப்புச் சோதனை

ஒரு கனமீட்டர் நீரின் நிறை 1000 கிலோ. வழக்கமான கான்கிரீட்டின் நிறை ஏறத்தாழ 2400 கிலோ. ஆயினும், குழிவான படகு தன் எடைக்கு நிகரான நீரை விலக்குவதால் மிதக்கிறது. படகினுள் நீர் நிறைந்துவிட்டால் இவ்வாய்ப்பு இல்லை. எனவே, நீர் நிரப்பி மூழ்கடிக்கப்பட்ட படகு தானே மேலெழ வேண்டும் என்பது போட்டியின் விதியாயிற்று. இதன்பொருட்டு மாணவர்கள் உள்ளீடற்ற நுண் கண்ணாடிக் கோளங்களைக் கலவையில் சேர்க்கின்றனர். எடை குறையுந்தோறும் வலிமையும் குறைவதால், மெல்லிய படகுச்சுவரைக் கண்ணாடி இழை அல்லது கரியிழை வலையால் வலுப்படுத்துகின்றனர். தொழில்நுட்ப அறிக்கை, வாய்மொழி விளக்கம், படகின் செய்நேர்த்தி ஆகியவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. ஆகவே, விரைந்து துடுப்பிடுவதால் மட்டும் வெற்றி கிட்டுவதில்லை.

முடிவுரை

லாம்போவைக் கான்கிரீட் படகுக்கு இட்டுச்சென்றது மரத்தின் குறை. போர்க்கால அரசுகளை இட்டுச்சென்றது எஃகின் பற்றாக்குறை. மாணவர்க்கோ அத்தகைய நெருக்கடி ஏதுமில்லை. முன்பு சூழல் விதித்த நெருக்கடியை இங்குப் போட்டி விதியே உருவாக்குகிறது. வணிக நிலையில் நிலைபெறாத ஒரு தொழில்நுட்பம் கல்விக்கருவியாக நிலைபெற்றமைக்கு இவ்விதியே அடிப்படையாகும்.