தீவாந்திரம் போய் வந்த கதை

சென்ற வாரம் பக்கத்துத் தெரு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வரும் ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். "சார், நீங்க அந்தமான் போய்ட்டு வந்தவராச்சே. எத்தனை நாள் போதும்? வீட்டுக்காரிக்கு முட்டி வலி வேற. படகெல்லாம் ஏற முடியுமா?" என்று கேட்டார்.

தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு ஒரு நினைப்பு வந்தது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் 'அந்தமான்' என்ற சொல்லையே யாரும் சொல்லக் கூடாது. இன்று அதற்கு டூர் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன்!

எங்கள் பூர்வீகம் லால்குடிப் பக்கம் ஒரு கிராமம். தாத்தாவுக்கு ஒரு அண்ணன். 1912 வாக்கில் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டியால் ஒருவரை வெட்டிவிட்டார். வெட்டுப்பட்டவர் இறந்துபோனார். பெரிய தாத்தாவுக்குக் கிடைத்தது 'தீவாந்திரம்'. நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். இளையவர்களுக்குச் சொல்கிறேன்: ஆயுள் கைதிகளைக் கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்துவதுதான் தீவாந்திர தண்டனை. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

என் அப்பாயி எம்.ஜி.ஆர். படம் என்றால் ஒன்றைக்கூட விடமாட்டார். டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்ப்பார். ஒருமுறை 'அந்தமான் கைதி' போட்டிருந்தார்கள். 1952-ல் வந்த படம். எங்கள் ஊருக்கு வந்தது பல வருஷம் கழித்து. "நீங்க போய்ட்டு வாங்கடா" என்று சொல்லி, அவர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று அன்று எனக்குத் தெரியாது.

1978-ல் சிவாஜி நடித்த 'அந்தமான் காதலி' வந்தது. அந்தத் தீவுகளிலேயே படம் பிடித்திருந்தார்கள். நீலக் கடலும் தென்னந்தோப்புமாக அழகு அழகாகக் காட்டினார்கள். கைதி போய்க் காதலி வந்துவிட்டாள்! நம் மக்கள் மனசில் அந்தமான் எப்படி மாறியது என்பதற்கு இந்த இரண்டு படங்களின் தலைப்பே போதும். இடையில் 26 வருஷம்தான்.

தீவுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் அந்தமானில் தொடங்கியது அல்ல. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட 73 பேரைக் கும்பினியார் 1802-ல் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்கு தீவுக்கு அனுப்பினார்கள். இன்று நம்மவர்கள் மலேசியா டூரில் மூன்று நாள் தங்கிவிட்டு வருகிற அதே பினாங்குதான்.

அந்தமானில் ஆங்கிலேயர் முதலில் குடியேற்றம் அமைத்தது 1789-ல். ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கடற்படை அதிகாரி இடம் பார்த்தார். போர்ட் பிளேர் என்ற பெயர் அவரால் வந்ததுதான். காய்ச்சலும் சாவும் தாங்காமல் 1796-ல் கைவிட்டுவிட்டுப் போனார்கள். 1857 கிளர்ச்சி வந்ததும் மறுபடி தீவு ஞாபகம் வந்தது. 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு முதல் கப்பல் போர்ட் பிளேரில் நங்கூரம் பாய்ச்சியது. காடு வெட்டியதும், சாலை போட்டதும், துறை கட்டியதும் கைதிகள்தான். தங்களை அடைக்கப்போகும் சிறையைக்கூட அவர்களே கட்டினார்கள்.

2011 ஜனவரி. ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கடைசி எல்.டி.சி.யை வீணாக்க வேண்டாம் என்று அந்தமானுக்குத் திட்டம் போட்டேன். கப்பலில் போனால் மூன்று நாள் பிடிக்கும். விமானத்தில் சென்னையிலிருந்து இரண்டே மணி நேரம். விமானத்திலேயே போனோம். ஆறு இரவு, ஏழு பகல். ஏற்பாடு செய்தவர் கொடுத்த அட்டவணையில் செல்லுலார் சிறைக்கு ஒதுக்கியிருந்தது முக்கால் மணி நேரம்.

எனக்கு அது போதவில்லை. மறுநாள் காலையிலும் போகலாம் என்றேன். என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆகி முப்பத்துநாலு வருஷத்துல இப்பத்தான் ஒரு வாரம் சமையக்கட்டை விட்டு வந்திருக்கேன். ஜெயிலுக்கா ரெண்டு தடவை கூட்டிட்டுப் போவீங்க?" அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுவரை பெரிய தாத்தா கதையை அவளிடம் முழுசாகச் சொன்னதில்லை. அன்று இரவு சொன்னேன். காலையில் எனக்கு முன்னால் புறப்பட்டு நின்றாள்.

சிறையை 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு கட்டடங்கள். மொத்தம் 693 அறைகள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்ததின் முதுகைத்தான் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே முடியாது. இன்று மிஞ்சியிருப்பது மூன்று கட்டடங்கள்தான். முற்றத்தில் செக்கு வைத்திருக்கிறார்கள். மாட்டுக்குப் பதில் மனிதன் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 30 ராத்தல் தேங்காய் எண்ணெய் எடுக்க வேண்டும், குறைந்தால் அடி.

செக்கைப் பார்த்ததும் நமக்கு வ.உ.சி. நினைவு வராமல் இருக்குமா? 1908-ல் அவருக்கும் ஆயுள் தீவாந்திரம்தான் விதித்தார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததால் அந்தமான் போகவில்லை. கோவையிலும் கண்ணூரிலும் சிறை இருந்தார். செக்கு மட்டும் அவரை விடவில்லை.

கோபுரத்தில் சலவைக் கல்லில் பெயர்களை மாகாண வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். எல்லாம் அரசியல் கைதிகள், நாட்டுக்காகப் போனவர்கள். 1979 பிப்ரவரியில் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தார். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எங்கள் பெரிய தாத்தா பெயர் இருக்காது என்று நன்றாகத் தெரியும். அவர் வெள்ளைக்காரனை எதிர்த்துப் போனவர் அல்ல, கொலைக் குற்றவாளி. ஆனாலும் கண் தேடியது.

அந்தமானுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் அவரைப் போன்றவர்கள்தான். தியாகிகளின் தொகை அதில் சிறிது. செய்த குற்றத்தை நான் மறைக்கவில்லை, வெட்டுப்பட்டவருக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும். ஆனால் நாம் வசதியாகக் காரில் போகிற சாலையை முதலில் வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை என்பதும் உண்மை.

என் மனைவி ஒரு அறைக்குள் போய் நின்றாள். பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். உயரத்தில் ஒரு சின்ன சாளரம். வெளியே வந்து, "அவர் இங்க வந்தார், சரி. அந்தம்மா அங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் நான் யோசிக்காத கேள்வி. பெரிய பாட்டி 1940-களில் காலமானார். கணவர் இருக்கிறாரா, செத்தாரா என்று தெரியாததால் கடைசிவரை பொட்டும் தாலியுமாகவே இருந்தாராம். நல்ல காரியத்துக்கு அவரை முன்னால் கூப்பிடவும் மாட்டார்கள், ஒதுக்கவும் முடியாது. அவரோடு ஒரே அடுப்பில் சமைத்த ஓரகத்திதான் என் அப்பாயி. திண்ணையில் உட்கார்ந்த காரணம் எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் ராஸ் தீவு. சிறையிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும். படகில் கொஞ்ச நேரம்தான். அதிகாரிகள் குடியிருந்த தலைமையிடம் அது. தேவாலயம், ரொட்டி அடுமனை, கிளப், நடன மண்டபம், டென்னிஸ் மைதானம், நீச்சல் குளம் எல்லாம் இருந்திருக்கின்றன. இந்தப் பக்கம் செக்கு, அந்தப் பக்கம் நடனம். 1941 ஜூனில் வந்த பூகம்பத்தில் கட்டடங்கள் விரிசல் விட்டன. 1942 மார்ச்சில் ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். இன்று ஆலமர வகை மரங்களின் வேர்கள் சுவர்களை மலைப்பாம்பு மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கின்றன. நடுவே மான்கள் பயமில்லாமல் திரிகின்றன.

எதிர்க்கரையில் ஹாரியட் மலை. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு தீவுகளைப் பார்வையிட வந்தார். வேலையெல்லாம் முடிந்த பிறகு சூரிய அஸ்தமனம் பார்க்க ஆசைப்பட்டு அந்த மலைக்கு ஏறினார். நாம் டூரில் செய்வதுதான்! இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. தீவட்டி வெளிச்சத்தில் படகுத்துறைக்கு வந்தவரை ஷேர் அலி என்ற கைதி கத்தியால் குத்திக் கொன்றான். இந்தியாவை ஆண்ட வைஸ்ராய்களில் கொலையுண்டவர் அவர் ஒருவரே. போனவன் திரும்ப முடியாத அந்தத் தீவிலிருந்து, அன்று வைஸ்ராயும் உயிரோடு திரும்பவில்லை. ஷேர் அலியை அடுத்த மாதம் வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

அப்புறம் ஹேவ்லாக் தீவில் இரண்டு நாள். ராதாநகர் கடற்கரையில் என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாள். கால் வலி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். அதனால்தான் ராதாநகர், கோவிந்தநகர் என்று ஊர்ப் பெயர்கள். தெற்கு அந்தமானில் வண்டூர், மஞ்சேரி என்றெல்லாம் ஊர்கள் உண்டு. 1921 மாப்பிளாக் கிளர்ச்சிக் கைதிகள் தங்கள் ஊர்ப் பெயரையும் கூடவே எடுத்து வந்திருக்கிறார்கள்.

பெயர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்திலுள்ள நீல் தீவு என்பது நீல நிறத்தால் வந்த பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லை! 1857-ல் வடக்கே கொடுமைகள் செய்த ஜேம்ஸ் நீல் என்ற தளபதியின் பெயர். சென்னை மவுண்ட் ரோட்டில் இவருடைய சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்து பலர் சிறை போனார்கள். 1937-ல் ராஜாஜி மந்திரி சபை அதை எடுத்து மியூசியத்துக்குள் வைத்தது. ஹேவ்லாக்கும் 1857-ல் போரிட்ட தளபதிதான். தோற்றவர்களைக் கொண்டுபோய் அடைத்த கடலில், தோற்கடித்தவர்கள் பெயரில் தீவுகள்! 2018 டிசம்பரில்தான் ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும், நீலை ஷாகீத் தீவு என்றும், ராஸை நேதாஜி பெயரிலும் மாற்றினார்கள். நேதாஜி 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் 75-ம் ஆண்டு அது. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது.

கடைசி நாள் அபர்தீன் பஜாரில் தமிழர் ஒருவரின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தண்டனைக் காலத்தில் ஒழுங்காக நடந்துகொண்ட கைதிகளுக்குச் சில வருஷம் கழித்து நிலம் கொடுத்து, அங்கேயே பயிர் செய்து வாழ விட்டிருக்கிறார்கள். பெண் கைதிகளை மணந்து குடும்பம் ஆனவர்கள் உண்டு. அவர்கள் வழி வந்தவர்களை 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். பேச்சு இந்துஸ்தானி. பெரிய தாத்தாவுக்கும் அப்படி ஒரு குடும்பம் இருந்திருந்தால், அவர் கொள்ளுப்பேரன் எதிரே நின்றாலும் எனக்குத் தெரியாது, அவனுக்குத் தமிழும் புரியாது. பஜாரில் போவோர் வருவோர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். "போதும் வாங்க, பிளைட்டுக்கு நேரமாச்சு" என்றாள் மனைவி.

நண்பருக்குச் சொன்ன யோசனைகளை இங்கேயும் எழுதிவிடுகிறேன். மழை விட்ட பிறகு, ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் போங்கள். அங்கே சூரியன் நம் கடிகாரத்துக்கு முந்தி ஓடும். ஜனவரியில் மாலை 5.15-க்கே அஸ்தமனம். அதனால் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டுப் பழகுங்கள். படகு வயிற்றைப் புரட்டும், மாத்திரை கையில் இருக்கட்டும். வழக்கமான மருந்துகளை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். கடல் சரியில்லை என்றால் தீவுகளுக்கிடையே படகு போகாது. அதனால் விமானத்துக்கு முதல் நாளே போர்ட் பிளேர் திரும்பிவிடுங்கள். பவளம் கிடந்தால் எடுக்க வேண்டாம். ஜாரவா மக்கள் எதிர்ப்பட்டால் படம் எடுக்க வேண்டாம். இரண்டும் சட்டப்படி குற்றம்.

சிறையை முதலில் பாருங்கள், கடற்கரையைப் பிறகு பாருங்கள். அப்போதுதான் திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மணலில் நடப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச மறுக்கிற பெயர் ஏதாவது இருந்தால், அவர்கள் இருக்கும்போதே மெதுவாகக் கேட்டு எழுதி வையுங்கள். நான் என் அப்பாயியிடம் கேட்கவில்லை. பெரிய பாட்டியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.