கப்பலில் கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி

போர்க்கப்பல்களிலும் காவல் கப்பல்களிலும் கடல்நீரின் உப்பை நீக்கி நன்னீர் எடுக்கும் இயந்திரத் தொகுதி. குடிக்கவும் சமைக்கவும் மட்டுமல்ல, வாயுச் சுழலிகளைக் கழுவவும் உப்பில்லாத நீர் வேண்டும். நன்னீர் தீர்ந்தால் எவ்வளவு எரிபொருள் இருந்தாலும் கப்பல் கரை திரும்பியாக வேண்டும்.

முகவை எனப்படும் இராமநாதபுரம் மாவட்டத்தின் அபிராமம், கமுதி வட்டாரத்து மக்களுக்கு உவர்நீரின் துன்பம் புதிதல்ல. இதே மாவட்டத்து நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனுள்ள கடல்நீர் ஆலை 1990களின் இறுதியில் அமைந்தது. அங்கும் கப்பலிலும் முறை ஒன்றுதான்: ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடு பரவல். இதற்குப் பயன்படத்தக்க சவ்வைக் கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியரான ஸ்ரீனிவாச சௌரிராஜன்; மற்றவர் சிட்னி லோப். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரை 55 முதல் 70 பார் அழுத்தத்தில் சவ்வின் மீது செலுத்தினால் நன்னீர் மறுபக்கம் கசியும்.

வேறுபாடு கருவி நிற்கும் இடத்தில் இருக்கிறது. கரையில் நீரைத் தெளியவிடத் தொட்டி கட்டலாம். கப்பலில் ஒரு சிறு அறைக்குள் எல்லாம் அடங்க வேண்டும். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற, சேறு கலங்கும் கடலில் வடிகட்டிகள் விரைவில் அடைபடும். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்திலோ கருவியை இயக்காமல் இருப்பதே நல்லது. சாதாரண எவர்சில்வரைக் குளோரைடு துளைத்துவிடும். அதனால் உயர் அழுத்தப் பகுதிகளுக்கு சூப்பர் டூப்ளெக்ஸ் எஃகு, டைட்டானியம் போன்றவை தேவை. பம்பின் இரைச்சல் எதிரி நீர்மூழ்கிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக, அதை அதிர்வு தாங்கும் ரப்பர் அடித்தாங்கிகளில் நிறுத்துகிறார்கள். வெடிப்பின் அதிர்ச்சியையும் தாங்குமா என அறிய, அமெரிக்கக் கடற்படையின் அதிர்ச்சிச் சோதனை நெறிப்படி, கனமான கருவிகளை மிதவையில் ஏற்றி, அருகே நீருக்கடியில் வெடி வெடித்துச் சோதிப்பார்கள். தண்ணீர் தருவதைவிடக் கடினம், இத்தனைக்கும் பிறகு தொடர்ந்து தருவது.

கப்பலில் இக்கருவி இருப்பதன் பயன் 2014 டிசம்பரில் தெரிந்தது. மாலத்தீவின் தலைநகர் மாலேயில் குடிநீர் ஆலை தீப்பிடித்து நகரமே தவித்தபோது இந்தியக் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். சுகன்யா விரைந்தது. கொண்டுசென்ற நீர் போக, தன் இரண்டு ஆர்.ஓ. கருவிகளால் நாளுக்கு 20 டன் நீரை அது உற்பத்தி செய்ய முடிந்தது.

கருவியின் உயிர்நாடி சவ்வுதான். இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் கான்பூர் ஆய்வகம் டி.எம்.எஸ்.ஆர்.டி.இ., குளோரைடைத் தாங்கும் உயர் அழுத்தப் பாலிமர் சவ்வை எட்டே மாதங்களில் உருவாக்கியதாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. இந்தியக் கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பலில் நடந்த முதற்கட்டச் சோதனை நிறைவளித்தது. 500 மணி நேர ஓட்டத்துக்குப் பின்னரே இறுதி ஒப்புதல் என விதித்தார்கள். சில மாற்றங்களுடன் கரையோர ஊர்களுக்கும் இச்சவ்வு உதவும் என்பது அறிவிப்பில் உள்ள செய்தி. அப்படி அது கரையேறும் நாளில், முதலில் வர வேண்டிய இடம் முகவைக் கடற்கரை.