வன்வட்டு வளர்ந்த வரலாறு



வீட்டு விளக்கின் குமிழ் பழுதானால் நாமே அதனைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகிறோம். எந்தக் கடையில் வாங்கினாலும் குமிழ் நம் வீட்டுத் தாங்கியில் பொருந்துகிறது. அங்ஙனம் பொருந்தும்படி ஒரு காலத்தில் ஓர் அளவை வகுத்தார்கள் என்பதையும், அதற்குப் பலரும் இசைந்தார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு பொருளை அதற்கு உரியவனே பழுது பார்த்துக்கொள்ளும் நிலை தானாக வந்துவிடுவதன்று. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நூல்களில் வன்வட்டு என்றும் கடைத்தெருவில் ஹார்டு டிஸ்க் என்றும் வழங்கும் கணிப்பொறி உறுப்பு, ஒரு திருப்புளியைக் கொண்டு எவரும் மாற்றத்தக்க பொருளாக எவ்வாறு ஆயிற்று என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இவ்வரலாறு ஒரு பள்ளி ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு மகிழ்ச்சி தருவதாகும். அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர் ரேனால்டு ஜான்சன். மாணவர்கள் விடைத்தாளில் பென்சிலால் இடும் குறிகள் மின்சாரத்தைக் கடத்துவதைக் கொண்டு, தாளைத் தானே திருத்தும் பொறி ஒன்றை அவர் அமைத்தார். ஐ.பி.எம். நிறுவனம் அப்பொறியின் உரிமையை வாங்கியதோடு, 1934இல் அவரையும் பணியில் அமர்த்திக்கொண்டது. 1952இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதியதோர் ஆய்வுக்கூடம் தொடங்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

அந்நாளில் செய்திகளைத் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் சேமித்து வந்தனர். நாடாவின் நடுவே உள்ள ஒரு செய்தி வேண்டுமானால், அதற்கு முன்னுள்ள நாடா முழுவதையும் ஓட்டியாக வேண்டும். நூலின் எண்பதாம் பக்கத்தைக் காண முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவது போன்ற வேலை அது. சுழலும் தட்டின்மேல் செய்தியைக் காந்தப் பதிவாக எழுதி, வேண்டிய இடத்திற்கு எழுதுமுனையை நேரே கொண்டுசென்றால் இத்தொல்லை நீங்கும் என்று ஜான்சன் குழுவினர் கருதினர். அம்முயற்சியின் பயனாக 1956 செப்டம்பரில் ரேமாக் என்னும் பொறி வெளிவந்தது.

அதன் நினைவுப் பகுதியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அடுக்கப்பட்டு, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அது தாங்கிய எழுத்துகளோ 50 லட்சம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கே ஏறக்குறைய அவ்வளவு இடம் தேவைப்படும். பொறித் தொகுதியின் மாத வாடகை 3,200 டாலர். பொறி நிறுவனத்தின் உடைமை. பயன்படுத்துவோர் குடிக்கூலி கொடுப்போர். பழுது நேர்ந்தால் நிறுவனத்தின் பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1962இல் நிலைமை சற்று மாறியது. 1311 என்னும் பொறியில், தட்டுகளின் அடுக்கைக் கூடையைத் தூக்குவதுபோல் கையால் எடுத்து வேறொன்றை வைக்க முடிந்தது. அவ்வடுக்கின் எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. பயன்படுத்துவோரின் கை நினைவுத் தட்டினைத் தொட்டது இங்கேதான். ஆயினும் தட்டினை வெளியே எடுக்கும்தோறும் தூசு படியும் அச்சம் இருந்தது. எழுதுமுனை தட்டின்மேல் மிக மெல்லிய காற்றுப் படலத்தில் மிதந்து செல்வதாகும். அதன் வழியில் ஒரு தூசு குறுக்கிட்டாலும் தட்டு கீறப்பட்டுச் செய்தி அழியும்.

இதற்கு 1973இல் ஒரு தீர்வு கிடைத்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 3340 பொறியில், தட்டுகளையும் எழுதுமுனைகளையும் ஒரே பெட்டகத்துள் வைத்து மூடிவிட்டார்கள். வின்செஸ்டர் என்பது அதற்கு வழங்கிய செல்லப் பெயர். உள்ளே இருப்பதை மூடியதனாலேயே அப்பெட்டகம் வெளியே அச்சமின்றிக் கையாளத் தக்கதாயிற்று. இன்றைய வன்வட்டுகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. ஆகவே பெட்டகத்தை மாற்றலாமேயன்றி அதனைத் திறந்து பார்க்க ஒருபோதும் முற்படலாகாது.

அடுத்து உருவம் சுருங்கியது. ஐ.பி.எம். நிறுவனத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஆலன் ஷுகார்ட் என்பவர் நண்பர்களுடன் தொடங்கிய சீகேட் நிறுவனம், 1980இல் ஐந்தேகால் அங்குல வன்வட்டு ஒன்றை வெளியிட்டது. அதன் கொள்ளளவு 5 மெகாபைட். ஒரு டன் எடையுள்ள ரேமாக் தாங்கியதைவிடச் சற்று மிகுதியான செய்தி இரு கைகளில் ஏந்தத்தக்க பெட்டியில் அடங்கிவிட்டது! 1983இல் ஐ.பி.எம். எக்ஸ்.டி. என்னும் மேசைக் கணிப்பொறி 10 மெகாபைட் வன்வட்டுடன் வந்தது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்தின் ரோடைம் நிறுவனம் மூன்றரை அங்குல வட்டினை வெளியிட்டது.

உருவம் சிறுத்தது மட்டும் போதுமா? போதாது. வட்டினை இயக்கும் மின்சுற்று அந்நாளில் தனி அட்டையாக இருந்தது. வட்டும் அட்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அதனை அமைக்கத் தேர்ச்சி பெற்ற ஆள் வேண்டும். 1986ஆம் ஆண்டளவில் வெஸ்டர்ன் டிஜிட்டல், காம்பாக் முதலிய நிறுவனங்கள் அம்மின்சுற்றை வட்டின் உடலிலேயே பொருத்தின. இதுவே ஐ.டி.இ. எனப்பட்டது. 1994இல் இம்முறை ஏ.டி.ஏ. என்னும் பெயரில் அமெரிக்க நாட்டின் பொதுத்தரமாக ஏற்கப்பட்டது. 2003இல் அதன் வழித்தோன்றலான சாட்டா வந்தது. 40 முனைகள் கொண்ட அகன்ற பட்டை வடத்தின் இடத்தை 7 முனைகள் கொண்ட மெல்லிய வடம் பெற்றது. அதன் செருகி ஒரு பக்கம் வளைந்த வடிவுடையது. தலைகீழாகச் செருக முயன்றால் உள்ளே செல்லாது.

சந்தையில் ஒருவரையொருவர் வெல்லப் போராடிய நிறுவனங்கள், வட்டின் அகலத்திலும் திருகாணித் துளையின் இடத்திலும் செருகியின் வடிவிலும் ஒத்துப்போயின. கொள்ளளவிலும் விலையிலும் போட்டி, அளவில் உடன்பாடு. இந்த உடன்பாடே திருப்புளியை நம் கையில் கொடுத்தது.

இதன் பயனை அண்மையில் நானே கண்டேன். என் பழைய மேசைக் கணிப்பொறி கோப்புகளைத் திறக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டது. வட்டு பழுதடையக்கூடும் என்னும் எச்சரிக்கையும் திரையில் தோன்றியது. என் ஊர் முதியோர் சிலரிடம் பழைய ஏரியைப் பற்றியும் திண்ணைப் பள்ளியைப் பற்றியும் கேட்டுப் பதிவுசெய்த உரைகள் அவ்வட்டில் இருந்தன. அவர்களுள் இருவர் இன்று இல்லை. ஆதலின் முதல் வேலையாக உள்ளடக்கம் முழுவதையும் வெளி வட்டொன்றில் படியெடுத்து, அவ்வுரைகள் ஒலிக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்தேன். பின்னர்ப் பொறியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். மின்சாரத்திற்கு ஒரு வடம், செய்திக்கு ஒரு வடம், பிடித்து நிறுத்த நான்கு திருகாணிகள்; அவ்வளவே. பழையதை எடுத்துப் புதியதை வைக்க அரைமணி நேரமும் ஆகவில்லை.

நான் புதிதாக வைத்தது எஸ்.எஸ்.டி. எனப்படுவது. அதில் சுழலும் தட்டு இல்லை, எழுதுமுனையும் இல்லை, யாவும் மின்சில்லுகளே. ரேமாக் காலத்துத் தத்துவம் முற்றிலும் மாறிவிட்டது. ஆயினும் பழைய வடங்கள் இரண்டும் அதில் அப்படியே பொருந்தின! இரண்டரை அங்குல அளவினதாகையால் ஒரு சிறு தாங்குசட்டம் மட்டுமே தேவைப்பட்டது. நீங்கள் இவ்வேலையில் இறங்குமுன் பொறியில் உள்ளது பட்டை வடமா, சாட்டா வடமா என்று பாருங்கள். பழைய பொறிகள் பல, 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட வட்டிலிருந்து தொடங்க இயலாதவை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கழற்றிய வட்டினை அப்படியே பிறரிடம் கொடுத்துவிடாதீர்கள். அழித்த கோப்புகளையும் அதிலிருந்து மீட்க வழியுண்டு.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைக் காத்த முறையும் இதனைப் போன்றதே. ஓலை செல்லரிக்கும், முறியும். அது சிதையுமுன் வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதினார்கள். பெயர்த்தெழுதிய நூல்கள் நம் கைக்கு வந்தன. பெயர்த்தெழுத ஆளில்லாத நூல்கள் பெயரளவிலேயே நின்றன. வன்வட்டும் ஓர் ஓலையே. அதுவும் ஒருநாள் சிதையும். அந்நாளுக்கு முன் படியெடுத்து வைப்பது நம் கடன்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும். இவ்வரலாறு என்றும் முன்னோக்கியே செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். இன்றைய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவுச் சில்லுகளைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். பொறி மெலிந்து அழகாக இருக்கிறது. ஆனால் சில்லு பழுதானால் அதனை மட்டும் மாற்ற உரியவனால் ஆவதில்லை. விலை கொடுத்து வாங்கியவனும் ரேமாக் காலத்துக் குடிக்கூலிக்காரனைப் போலப் பிறர் கையை எதிர்பார்க்க நேர்கிறது. ஆகையால் நாளை நீங்கள் ஒரு கணிப்பொறி வாங்கச் செல்லும்போது, விலையையும் விரைவையும் விசாரிப்பதோடு, "இதன் வட்டினை நானே மாற்ற முடியுமா?" என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். வாங்குவோர் கேட்கக் கேட்கத்தான் செய்வோரும் அதற்கு இடம் வைப்பார்கள்.