ஹைட்ரஜனின் இரண்டு முகங்கள்



"சார், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஏன் இவ்வளவு நேரம் அசையாமல் படுக்க வைக்கிறார்கள்?" என்று பழைய மாணவி ஒருவர் போனில் கேட்டார். அவர் அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. நோய் மருந்துக்குக் கேட்கிறதா என்று தெரிய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்தவன். ஆனால் இது வகுப்பில் சொல்லக்கூடிய கதைதான்.

நம் உடம்பின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். 1.5 டெஸ்லா ஸ்கேன் காந்தத்துக்குள் போனாலும் பாதி இப்படியும் பாதி அப்படியும் நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 10 லட்சத்துக்கு ஏறக்குறைய 5 மட்டுமே. அந்த ஐந்தின் குரலைத்தான் கருவி கேட்கிறது. குரல் மெல்லியது; அதனால் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

குரலைப் பெரிதாக்க வழி உண்டா? அதற்கு 1920களுக்குப் போக வேண்டும்.

ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கருக்கள். அவற்றின் சுழற்சி ஒத்துப்போனால் ஆர்த்தோ. எதிரெதிராக இணைந்தால் பாரா. 1927இல் ஹைசன்பெர்க், ஹண்ட் ஆகியோரின் குவாண்டம் கணக்கு இதைக் காட்டியது. 1929இல் டொரோன்டோவில் மெக்லெனன், மெக்லியோட் இருவரும் திரவ ஹைட்ரஜனில் ஒளியைப் பாய்ச்சி, இரு வகையும் கலந்திருப்பதைக் கண்டார்கள். எதைக் கொண்டு? திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன் முந்தைய ஆண்டுதான் அறிவித்த ராமன் விளைவைக் கொண்டு! அதே 1929இல் பெர்லினில் போன்ஹோஃபர், ஹார்டெக் இருவரும் கடுங்குளிரில் கரியின் உதவியால் பாரா ஹைட்ரஜனைத் தனியாகவே எடுத்துவிட்டார்கள். ஹைசன்பெர்கின் 1932 நோபல் பரிசுக் குறிப்பில் இந்த இரு வகை ஹைட்ரஜனும் இடம்பெற்றது.

அறை வெப்பத்தில் நாலில் ஒரு பங்குதான் பாரா. மைனஸ் 253 டிகிரியில் ஏறக்குறைய முழுவதும் பாரா. ராக்கெட்காரர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். சாதாரண ஹைட்ரஜனை அப்படியே திரவமாக்கி வைத்தால், ஆர்த்தோ மெல்ல மெல்லப் பாராவாக மாறும்போது கிலோவுக்கு 527 கிலோஜூல் வரை வெப்பம் வெளிவரும். ஒரு கிலோ திரவம் ஆவியாகச் சுமார் 446 போதும். தொட்டி தானாகவே காலியாகிவிடும்! ஆகவே திரவமாக்கும்போதே பாராவாக மாற்றிவிடுவார்கள். நம் மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிப்பதும் திரவ ஹைட்ரஜனைக் கொண்டுதான்.

பாராவில் ஒரு சிக்கல். ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகள் எதிரெதிர்ப் பக்கம் இழுப்பது போல. வலு முழுக்க இருக்கிறது, வண்டி நகராது. ஸ்கேன் கருவிக்கு ஒன்றுமே கேட்காது. 1986இல் கலிபோர்னியாவின் கால்டெக்கில் பவர்ஸ், வைட்டேகாம்ப் இருவரும் வழி சொன்னார்கள்: வேதிவினையால் அந்த ஜோடியை வேறொரு மூலக்கூறில் ஏற்றி, இருவருக்கும் வெவ்வேறு அண்டை வீட்டார் அமையும்படி செய், பிறகு ரேடியோ அலையால் தட்டு. மறுவருடம் செய்தும் காட்டினார்கள்.

தட்டுவதிலும் கணக்கு உண்டு. சாதாரணமாக 90 பாகைத் துடிப்பில்தான் சிக்னல் உச்சம். இங்கே 90 கொடுத்தால் பூஜ்யம். 45 கொடுத்தால் உச்சம்! இன்னொரு தொல்லை: ஹைட்ரஜனில் இந்த வலு சில விநாடிகளில் கரைந்துவிடும். பக்கத்துக் கார்பன்-13 அணுக்கருவுக்கு மாற்றினால் ஒரு நிமிடம் போலத் தாங்கும். அதற்கான ரேடியோ துடிப்பு வரிசையை 2005இல் கோல்ட்மன், யோஹான்னசன் வகுத்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார், மருந்து மூலக்கூறோடு ஹைட்ரஜனைச் சேர்க்காமலே, இரிடியம் வினையூக்கி வழியாக வலுவைக் கைமாற்றினார்கள்.

இதனால் என்ன பயன்? வலுவேற்றிய பைருவேட்டை ஊசியில் செலுத்தினால், கட்டி அதை எப்படிச் செரிக்கிறது என்று உடனுக்குடன் பார்க்கலாம். கட்டி சுருங்கும்வரை காத்திராமல், மருந்து வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே அறியும் நம்பிக்கை இதில் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவில் 31 நோயாளிகளிடம் முதல் சோதனை வெளியானது. அது வேறு முறை. கருவியின் விலை அதிகம், ஒரு முறை தயாரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். பாரா ஹைட்ரஜன் முறை நிமிடக் கணக்கில் முடியும், செலவும் குறைவு. ஆனால் இன்னும் ஆய்வு நிலைதான். யாரும் ஆஸ்பத்திரியில் கேட்டு அலைய வேண்டாம்.

பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 1929இல் பாரா ஹைட்ரஜனைப் பிரித்தவர்களிடம் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருந்தால் இந்தப் பதில் அவர்களிடம் இருந்திருக்காது. பிள்ளை இயற்பியல் படிக்கிறேன் என்றால் அதே கேள்வியைக் கேட்டு மடக்காதீர்கள்.

பவர்ஸும் வைட்டேகாம்பும் தங்கள் முறைக்கு, ஆங்கில எழுத்துகளைக் கோத்து, தாங்கள் இருந்த ஊரான 'பாசடீனா' என்றே பெயர் வரும்படி வைத்தார்கள். எலவனாசூர்கோட்டை என்ற நம் ஊர்ப் பெயர் கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும், கல்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளை ஒன்று அப்படி ஒரு பெயர் வைக்கும் நாள் வரட்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்